ஆங்கில லிசனிங் வகுப்புக்கு ஆடியோவா, வீடியோவா?

ஆங்கிலம் கற்பிப்பவர்கள் கூடுகிற இடத்தில் தவறாமல் எழும் கேள்வி இது: இணையத்தில் இவ்வளவு கொட்டிக் கிடக்கிறதே, வகுப்புக்கு எதை எடுப்பது? பிபிசி ஆடியோ பாடமா, யாரோ இருவர் பேசிக்கொள்ளும் பாட்காஸ்டா, யூடியூப் வீடியோவா? பாதி நாள் தேடிவிட்டு, கடைசியில் பாடப்புத்தகத்தோடு வந்த பழைய ஒலிப்பதிவையே போட்டுவிட்டு வருகிறவர்கள் நிறைய. பொருள் கிடைக்காததல்ல பிரச்சினை. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்பது தெளிவாக இல்லை, அவ்வளவுதான்.

என் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். காதுக்குப் பயிற்சி தருவது நோக்கம் என்றால் ஆடியோதான் முதல் தேர்வு. மனிதர்கள் எப்படி நடந்துகொண்டு பேசுகிறார்கள் என்று காட்டவும், பார்த்ததை வைத்து மாணவர்களைப் பேசவைக்கவும் வீடியோ. பல வகுப்புகளில் இது தலைகீழாக நடக்கிறது. மாணவர்களுக்குப் பிடிக்கும் என்று லிசனிங் வகுப்பில் வீடியோ ஓடுகிறது. அவர்கள் படத்தைப் பார்த்து விஷயத்தை ஊகித்துவிடுகிறார்கள். எல்லோரும் சரியான பதில் சொல்கிறார்கள், ஆனால் காது எந்த வேலையும் செய்யவில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி: இந்தப் பத்து நிமிடத்தில் மாணவரின் காது என்ன செய்ய வேண்டும்? ஒட்டி ஒலிக்கும் சொற்களைப் பிரித்துப் பிடிக்க வேண்டுமா? பேச்சின் சாரம் தெரிந்தால் போதுமா? பேசுபவர் எரிச்சலில் இருக்கிறாரா, தயங்குகிறாரா என்று உணர வேண்டுமா? அல்லது கேட்பது வெறும் தொடக்கம்தானா, பின்னால் வரும் விவாதம்தான் உண்மையான வகுப்பா? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

அடுத்தது கடினம். சொற்களை மட்டும் பார்த்து அளவிடாதீர்கள். பேசும் வேகம், எத்தனை பேர் பேசுகிறார்கள், பின்னால் சத்தமோ இசையோ இருக்கிறதா என்பவையும் அதே அளவு முக்கியம். எல்லாமே தெரிந்த சொற்களாக இருந்தாலும், மூன்று பேர் ஒருவர் பேச்சுக்குள் ஒருவர் புகுந்து பேசினால் இடைநிலை மாணவரே திணறிப்போவார்.

மூன்றாவது டிரான்ஸ்கிரிப்ட், அதாவது பதிவில் பேசியதை அப்படியே எழுத்தில் தரும் வடிவம். இதை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். கேள்விக்குத் தவறான பதில் எழுதிய மாணவருக்குச் சரியான பதிலைச் சொன்னால் மட்டும் எதுவும் நடந்துவிடாது. எந்த இடத்தில் காது வழுக்கியது என்று அவருக்குத் தெரிய வேண்டும். அந்தச் சொல்லே தெரியாததாலா, தெரிந்த சொல் காதில் விழாததாலா? முதலாவதற்குச் சொல் பயிற்சி வேண்டும். இரண்டாவதற்கு அதே வரியைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். எழுத்து கையில் இல்லாமல் இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது.

அப்புறம் உங்கள் தயாரிப்பு நேரம், இணைய இணைப்பு, பதிப்புரிமை. கடைசியாக, மாணவர்கள் எழுதப்போகும் தேர்வு. வெளிநாட்டில் படிக்கவோ குடியேறவோ போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ஸில் லிசனிங் பகுதி முழுக்க ஆடியோ. சுமார் 30 நிமிடம், 40 கேள்விகள், ஒரே ஒருமுறைதான் ஒலிக்கும். கேம்பிரிட்ஜின் பி2 ஃபர்ஸ்ட் தேர்வும் ஆடியோதான், ஆனால் ஒவ்வொரு பகுதியும் இரண்டுமுறை ஒலிக்கும். இந்த ஒரு வித்தியாசமே நீங்கள் பயிற்சி தரும் விதத்தை மாற்ற வேண்டும்.

## கற்போருக்கென்றே தயாரித்த ஆடியோ

வானொலி வழியாக ஆங்கிலம் கற்பிக்கும் வேலையை பிபிசி 1943-இல் தொடங்கியது. இன்று பிபிசி லேர்னிங் இங்கிலீஷ் தளத்தில் ஆறு நிமிட நிகழ்ச்சிகள் டிரான்ஸ்கிரிப்டோடும் முக்கியச் சொற்களின் விளக்கத்தோடும் கிடைக்கின்றன. பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன்இங்கிலீஷ் தளம் லிசனிங் பாடங்களை ஏ1 (ஆரம்பம்), ஏ2, பி1 (இடைநிலை), பி2, சி1 (உயர்நிலை) என்று நிலைவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறது. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959-இல் தொடங்கிய ஸ்பெஷல் இங்கிலீஷ் ஒலிபரப்பு, ஏறத்தாழ 1500 சொற்கள், குட்டி வாக்கியங்கள், வழக்கமான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்று ஒரு கட்டுப்பாட்டுக்குள் செய்திகளைச் சொன்னது. குறைந்த சொற்களில் உலகச் செய்தியைச் சொல்ல முடியும் என்பதற்கு அது நல்ல சான்று.

இந்த வகையில் ஆசிரியருக்கு மிச்சமாவது நேரம். தேடவேண்டியதில்லை, நிலை எழுதியிருக்கிறது, டிரான்ஸ்கிரிப்ட் இருக்கிறது, பல பாடங்களில் பயிற்சிக் கேள்விகளும் இருக்கின்றன. இணைப்பும் பெரிதாக வேண்டாம். 128 கிலோபிட் தரத்தில் ஆடியோ நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு மெகாபைட்தான்.

மறைந்திருக்கும் விலை மெதுவாகத்தான் தெரியவரும். இந்தப் பதிவுகளில் பேச்சு சுத்தமாக இருக்கும். ஒவ்வொரு சொல்லும் தன் முழு உருவத்தோடு வரும், ஒருவர் முடித்த பிறகே மற்றவர் தொடங்குவார். இதிலேயே ஒரு வருடம் பழகிய மாணவர் நிஜமான உரையாடலைக் கேட்டால் அதிர்ந்துபோகிறார். 'வாட் ஆர் யூ கோயிங் டு டூ' என்று எழுதிப் படித்தவருக்கு 'வாட்சா கானா டூ' வேறு மொழிபோல ஒலிக்கும். அமெரிக்கப் பேச்சில் 'கேன்', 'கேன்ட்' இரண்டையும் பிரிப்பது பெரும்பாலும் கடைசி ஒலி இல்லை, உயிரொலியின் அழுத்தம்தான். ஒன்று முடியும் என்கிறது, மற்றது முடியாது என்கிறது. சுத்தமான பதிவை மட்டுமே கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த அழுத்தம் பிடிபடாது.

எனவே தொடக்க நிலைக்கு இதுதான் சரி. தனியாகப் படிப்பவருக்கும், இணைப்பு மோசமான இடத்துக்கும் இதைவிட நல்லது இல்லை. பி1 நிலையை மாணவர் தொட்டதும் வேறு வகைகளைக் கலக்கத் தொடங்குங்கள். பி2-விலும் இதையே தொடர்ந்தால் அவரை இருந்த இடத்திலேயே நிறுத்திவைக்கிறீர்கள்.

## இயல்பான ஆடியோ: பாட்காஸ்ட், நேர்காணல், ஒலிநூல்

ஆங்கிலம் கற்போரை மனதில் வைக்காமல் பேசியது எல்லாம் இந்த வகை. இழுவை, தயக்கம், பாதியில் விட்ட வாக்கியம், சிரிப்பு எல்லாம் அப்படியே இருக்கும். மாணவர் வெளியில் சந்திக்கப்போகும் ஆங்கிலம் இதுதான் என்பதால் இதற்கு ஈடு கிடையாது.

விலை உங்கள் நேரம். 40 நிமிட பாட்காஸ்டில் வகுப்புக்கு ஏற்ற இரண்டு நிமிடத்தைக் கண்டுபிடிக்க முழுவதையும் கேட்டாக வேண்டும். டிரான்ஸ்கிரிப்ட் பல நிகழ்ச்சிகளுக்கு இருக்காது. தானியங்கி மென்பொருள் எழுதித் தருவதை நம்பலாமா என்றால், அப்படியே நம்பக்கூடாது. சன்னமாக ஒலிக்கும் சிறு சொற்களிலும் பெயர்களிலும் அது தடுமாறும், மாணவர் தடுமாறுவதும் அதே இடங்களில்தான். இரண்டு நிமிடத்துக்கு என்றால் உட்கார்ந்து திருத்திவிடலாம். பத்து நிமிடத்துக்கு அந்த வேலை தாங்காது. எனவே துண்டு சிறியதாக இருக்கட்டும்.

ஆடியோ கடினமானால் கேள்வியை எளிதாக்குங்கள். அதே நேர்காணலை வைத்து, எத்தனை பேர் பேசுகிறார்கள், ஒத்துப்போகிறார்களா, எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது என்று மட்டும் கேட்டால் ஏ2 மாணவர்கூடப் பதில் சொல்வார். எல்லாம் புரியாவிட்டாலும் ஏதோ பிடிபடுகிறது என்ற தெம்பு அவருக்கு வரும். கடினமான பதிவைப் போட்டுவிட்டு நுணுக்கமான கேள்விகளும் கேட்பதுதான் மாணவர்களை லிசனிங் என்றாலே பயப்படவைக்கிறது.

லிப்ரிவாக்ஸ் ஒலிநூல்களைப் பலர் கேட்கச் சொல்கிறார்கள். 2005-இல் தொடங்கிய அந்தத் தளத்தில் தன்னார்வலர்கள் வாசித்த, பதிப்புரிமை முடிந்த நூல்கள் இருக்கின்றன. உரிமைத் தொல்லை இல்லை, நூலின் எழுத்து வடிவமும் இலவசமாகவே கிடைக்கும். ஆனால் பெரும்பாலானவை பழைய நூல்கள், மொழியும் பழையது. வாசிப்பின் தரமும் ஆளுக்கு ஆள் மாறும். வாசிப்பில் ருசி கண்ட உயர்நிலை மாணவருக்குக் கொடுங்கள், பேச்சு மொழி பழக வந்தவருக்கு வேண்டாம்.

ஒரே நாட்டு உச்சரிப்பு போதாது என்று நினைப்பவர்களுக்கு எல்லோ என்ற தளம் உதவும். பல நாடுகளைச் சேர்ந்தவர்கள் பேசும் சிறு உரையாடல்கள் டிரான்ஸ்கிரிப்டோடு இருக்கின்றன. முதல் வகைக்கும் இரண்டாம் வகைக்கும் நடுவே நிற்கும் பாலம் என்று அதைச் சொல்லலாம்.

## வீடியோ

வீடியோவின் பலம் உண்மையானது. உதட்டசைவு கேட்பதையே மாற்றும் என்று 1976-இல் மெகர்க், மெக்டொனால்ட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் காட்டினார்கள். 'பா' என்ற ஒலியோடு 'கா' சொல்லும் உதடுகளைக் காட்டியபோது பலருக்கு 'டா' என்று கேட்டது. காதும் கண்ணும் சேர்ந்துதான் பேச்சைப் புரிந்துகொள்கின்றன. அந்த வகையில் முகம் தெரியும் வீடியோ, தொலைபேசிபோல் ஒலிக்கும் ஆடியோவைவிட நிஜ வாழ்க்கைக்கு நெருக்கமானது.

அதோடு, ஆடியோவால் சொல்லவே முடியாத விஷயங்கள் உண்டு. ஒருவர் எப்படி மறுக்கிறார்? மேலதிகாரியிடம் எப்படி நிற்கிறார்? பேச்சில் குறுக்கிட எந்த நொடியைத் தேர்கிறார்? 'தட்ஸ் இன்ட்ரெஸ்டிங்' என்ற ஒரே வாக்கியம் பாராட்டாகவும் இருக்கலாம், விருப்பமின்மையாகவும் இருக்கலாம்; முகத்தைப் பார்த்தால்தான் முழுசாகத் தெரியும். இவற்றைக் கற்பிக்க வேண்டுமானால் வீடியோவைத் தவிர வழி இல்லை.

பிரச்சினை, எல்லா வீடியோவும் இப்படிப்பட்டதல்ல என்பது. காட்சிகள் வேகமாக மாற, பின்னணியில் யாரோ விளக்கிக்கொண்டே போகும் வீடியோவில் உதடும் தெரியாது, உறவும் தெரியாது. கண்ணுக்கு விருந்து, அவ்வளவுதான். கவனம் படத்துக்குப் போக, மொழி பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். லிசனிங்குக்கு இதைவிட மோசமான பொருள் இல்லை. படத்தை வைத்துப் பேசவைக்க மட்டும் பயன்படும்.

டெட் என்ற அமைப்பு இணையத்தில் வெளியிடும் மேடைப் பேச்சுகளான டெட் உரைகள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல ஆசிரியர்கள் முதலில் போவது அங்கேதான். மேடையில் பேச 18 நிமிடம்தான் உச்ச வரம்பு, டிரான்ஸ்கிரிப்டில் ஒரு வரியைத் தொட்டால் வீடியோ அந்த இடத்துக்கே போகும். கற்பிப்பதற்கு அருமையான வசதி. ஆனால் அது ஒத்திகை பார்த்துப் பேசிய தனி உரை. கருத்தரங்க உரையைப் புரிந்துகொள்ளப் பழகுபவருக்குப் பொருத்தம், உரையாடல் பழகுபவருக்கு அதில் உரையாடலே இல்லை. 18 நிமிட உரையை வகுப்பில் முழுதாக ஓட்டுவதும் வேண்டாம். மூன்று நிமிடத் துண்டை மூன்றுமுறை ஓட்டினாலே ஒன்பது நிமிடம் போய்விடும், அதில் எடுக்க வேண்டிய மொழி ஒரு முழு வகுப்புக்குக் காணும்.

சப்டைட்டில் போடலாமா? சரியாகப் பயன்படுத்தினால் நல்லது. ஆங்கிலப் பேச்சுக்கு ஆங்கில எழுத்து என்றால் காதில் விழுந்த ஒலியும் சொல்லும் இணைகின்றன. டச்சு மொழி பேசுபவர்களை வைத்து மிட்டரர், மெக்குவீன் இருவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், பழக்கமில்லாத உச்சரிப்புக்குக் காது பழக ஆங்கில சப்டைட்டில் உதவியது, தாய்மொழி சப்டைட்டில் தடையாகவே இருந்தது. நான் பின்பற்றச் சொல்லும் வரிசை இது: முதல்முறை சப்டைட்டில் இல்லாமல், இரண்டாம் முறை ஆங்கிலத்தில், மூன்றாம் முறை மறுபடி இல்லாமல். தாய்மொழி சப்டைட்டிலோடு பார்ப்பது தவறில்லை, ஆனால் அது கதையை ரசிக்கும் நேரம். யூடியூபின் தானியங்கி சப்டைட்டிலை வகுப்புக்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிழையான எழுத்தைக் காட்டினால் மாணவர் பிழையைத்தான் கேட்பார்.

மற்ற மறைமுகச் செலவுகளும் உண்டு. விளம்பரம் குறுக்கே வரும், முடிந்ததும் சம்பந்தமில்லாத அடுத்த வீடியோ தானாக ஓடும். போன பருவத்தில் இருந்த வீடியோ இந்தப் பருவத்தில் நீக்கப்பட்டிருக்கும். யூடியூபில் தளம் தரும் வசதி வழியாக அன்றி டவுன்லோட் செய்வது அதன் விதிகளுக்கு எதிரானது, எனவே சேமித்து வைத்துக்கொள்ளலாம் என்ற வழியும் அடைபடுகிறது. வீடியோ நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் வந்தால் நிமிடத்துக்கு ஏழரை மெகாபைட். 30 மாணவர்கள் ஒரே இணைப்பில் தனித்தனியாகப் பார்த்தால் 30 மெகாபிட் வேண்டும்.

வேகத்தைக் குறைக்கும் பொத்தானைப் பற்றியும் ஒரு வார்த்தை. 0.75 வேகத்தில் ஓட்டினால் யோசிக்க நேரம் கிடைக்கும், உண்மை. ஆனால் ஒட்டிய சொற்கள் பிரிவதில்லை, ஒட்டியபடியே மெதுவாக வருகின்றன. எளிதான பதிவைத் தேடுவதற்குப் பதிலாக இதை நம்பாதீர்கள். ஒரு வரியில் என்ன நடந்தது என்று ஆராய மட்டும் குறைத்துப் போடுங்கள்.

## கேள்வி பதித்த வீடியோ

எட்பசில், எச்5பி போன்ற கருவிகளில் வீடியோவின் நடுவே கேள்வி வைக்கலாம். வீடியோ நிற்கும், மாணவர் பதில் சொன்ன பிறகு தொடரும். எட்பசிலில் யார் பார்த்தார், யார் பாதியில் விட்டார் என்பதும் தெரியும். வீட்டுப்பாடத்துக்கு மிக நல்லது, குறிப்பாக மாணவர் எண்ணிக்கை அதிகமாக இருக்கும்போது. வகுப்புக்குள் இதற்கு அவசியமில்லை, நிறுத்திக் கேட்க நீங்களே இருக்கிறீர்களே. ஒரு எச்சரிக்கை: அடிக்கடி நிறுத்தினால் நீளமான பேச்சைத் தொடர்ந்து பின்பற்றும் திறனே வளராது. சிறு வயது மாணவர்களின் பெயரும் பதில்களும் வெளித் தளத்தில் சேர்வதால், பெற்றோருக்கும் நிர்வாகத்துக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

## நீங்களே பதிவு செய்வது

இதற்கு உரிய மதிப்பை யாரும் தருவதில்லை என்பது என் வருத்தம். கைபேசி போதும். வெட்டி ஒட்ட ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருள் இலவசம். நிலை, தலைப்பு, நேரம் எல்லாம் உங்கள் கையில், உரிமையும் உங்களுடையது. ஆனால் எழுதியதை வாசிக்காதீர்கள். வாசிப்பு வேறு, பேச்சு வேறு. சக ஆசிரியர் ஒருவரோடு உட்கார்ந்து, நான்கு குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் பேசுங்கள். தயக்கமும் திருத்தலும் தானாகவே வரும், சொற்களின் நிலை மட்டும் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். முதல் வகையின் எளிமையும் இரண்டாம் வகையின் இயல்பும் ஒன்றாகக் கிடைப்பது இங்கே மட்டும்தான்.

குறை, மாணவர் ஏற்கெனவே தினமும் கேட்கும் அதே குரலும் உச்சரிப்பும்தான். அதற்காகச் செயற்கைக் குரல் மென்பொருளுக்குப் போகிறவர்கள் உண்டு. பல நாட்டு உச்சரிப்பு கிடைக்கும், ஆனால் அதுவும் எழுதியதை வாசிப்பதுதான். சொல் பயிற்சிக்கும் கேட்டெழுதுவதற்கும் போதுமானது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வகை | சிறப்பாக உதவுவது | ஆசிரியர் நேரம் | டிரான்ஸ்கிரிப்ட் | மறைந்திருக்கும் விலை |
|---|---|---|---|---|
| கற்போருக்கான ஆடியோ | தொடக்க நிலை, தனிப் பயிற்சி, தேர்வு | மிகக் குறைவு | பெரும்பாலும் உண்டு | நிஜப் பேச்சுக்குக் காது தயாராகாது |
| இயல்பான ஆடியோ | பி1-க்கு மேல், பல உச்சரிப்புகள் | மிக அதிகம் | நிச்சயமில்லை | தேடலும் திருத்தலும் |
| வீடியோ | முகபாவம், உறவு, விவாதம் | நடுத்தரம் | மாறும் | கண் காதின் வேலையை எடுத்துக்கொள்ளும் |
| கேள்வி பதித்த வீடியோ | வீட்டுப்பாடம் | முதல்முறை அதிகம் | மூல வீடியோவைப் பொறுத்தது | துண்டு துண்டான கவனம் |
| சொந்தப் பதிவு | நிலைக்கு அளவான இயல்பு பேச்சு | நடுத்தரம் | நீங்களே எழுத வேண்டும் | ஒரே குரல் |

## உங்கள் நிலைமை எது?

தேர்வுக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது என்றால் வீடியோவைத் தள்ளிவையுங்கள். ஐஇஎல்டிஎஸ் எழுதுபவருக்கு ஒருமுறை மட்டும் கேட்டு எழுதும் பயிற்சி வேண்டும். பதில் சரிபார்த்த பிறகு மட்டும் டிரான்ஸ்கிரிப்டோடு மறுபடி கேட்கட்டும்.

ஜூம் போன்ற நேரலை வகுப்பு என்றால், திரையைப் பகிரும்போது ஒலியையும் பகிரும் தேர்வைக் குறிக்க மறக்க வேண்டாம். அதைவிட நல்லது, லிங்கை அனுப்பி அவரவர் கருவியில் கேட்கச் சொல்வது. பகிர்ந்த வீடியோ விட்டு விட்டு வந்தால், கற்பிப்பது லிசனிங்கா, பொறுமையா என்று தெரியாமல் போகும். அவரவர் கேட்பதில் இன்னொரு நன்மை, புரியாத இடத்தை அவரவர் விருப்பப்படி திரும்பக் கேட்கலாம்.

பதின்ம வயது வகுப்பில் ஆர்வம்தான் பெரிய தடை என்றால் வீடியோவோடு தொடங்குங்கள், ஆனால் அதை வேலை வாங்குங்கள். ஒலியை அணைத்துவிட்டு, என்ன பேசியிருப்பார்கள் என்று எழுதச் சொல்லுங்கள், பிறகு ஒலியோடு ஒப்பிடட்டும். அல்லது வகுப்பில் பாதிப் பேர் திரைக்கு முதுகைக் காட்டி உட்காரட்டும், பார்ப்பவர் பார்க்காதவருக்கு ஆங்கிலத்தில் விவரிக்கட்டும்.

வேலைக்குப் போகும் பெரியவர்கள், ஆளுக்கொரு துறை என்றால் பொதுவான பாடத்தைத் திணிக்காமல் அவரவர் துறை பாட்காஸ்டிலிருந்து இரண்டு நிமிடத்தை அவர்களையே தேர்ந்தெடுத்துவரச் சொல்லுங்கள். பொருள் தெரிந்த விஷயம் என்பதால் கடினமான மொழியையும் சமாளிப்பார்கள், உங்கள் தேடல் நேரமும் மிச்சம்.

இவற்றில் எதுவும் உங்களுக்குப் பொருந்தாமல், நல்ல உரையாடல் வீடியோ ஒன்று மட்டும் கையில் இருந்தால், திரையை அணைத்து முதலில் ஆடியோவாக ஓட்டுங்கள். எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள், யார் யாருக்கு என்ன உறவு என்று ஊகித்து எழுதட்டும். இரண்டாம் முறையும் ஆடியோதான், இப்போது சொற்களைப் பிடிக்க. மூன்றாம் முறை திரையைத் திறந்து தங்கள் ஊகத்தைச் சரிபார்க்கட்டும். பிறகு டிரான்ஸ்கிரிப்டைக் கொடுத்து, தவறவிட்ட இரண்டு வரிகளை மட்டும் அடிக்கோடிட்டு, அந்த வரிகளை மறுபடி கேட்கச் சொல்லுங்கள்.